வெட்டத் தெரிந்தவனுக்கு மூடுகிற வேலை

1

போன மாதம் நான் ஓர் எண்ணெய் மேடையைக் கொளுத்திவிட்டேன்.

பயப்பட வேண்டாம். கணினித் திரையில் மட்டும்தான் எரிந்தது. ஆனாலும் நன்றாக எரிந்தது. அந்தத் தீயை வரைந்தவன் பெரிய ரசிகனாக இருக்க வேண்டும். நடுக்கடலில் இரும்புக் கால்களில் நிற்கிற மேடை, அதன் மேல் வானம் முட்டச் சுவாலை, ஓரத்திலிருந்து ஒரு சின்ன மனிதன் கடலுக்குள் குதிக்கிறான்.

“அந்த ஆள் நானா?” என்று பயிற்றுநர் சில்யேயிடம் கேட்டேன்.

“இல்லை. நீ கட்டுப்பாட்டு அறைக்குள் இருந்தாய். நீ முதலிலேயே போய்விட்டாய்” என்றாள். நோர்வேக்காரருக்குப் பகிடி தெரியாது என்று சொல்கிறவர்கள் சில்யேயைச் சந்திக்கவில்லை.

ஊரில் பலருக்கு நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்பது இன்னும் விளங்கவில்லை. ‘எண்ணெய்க் கொம்பனி’ என்றால் பெற்றோல் அடிக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். விளக்கிவிடுகிறேன். நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு பட்டறை. கடலடியில் தோண்டிய எண்ணெய், வாயுக் கிணறுகளுக்குள் இறக்குகிற பாதுகாப்பு வால்வுகள் எங்களிடம் வரும். கழற்றி, கழுவி, தேய்ந்துபோன சீல்களை மாற்றி, திரும்பப் பூட்டி, அழுத்தம் ஏற்றிச் சோதித்து அனுப்புவோம். ‘அனுப்புவோம்’ என்பது மரியாதைக்கு. நான் பெரும்பாலும் கழுவுவேன்.

அந்த வால்வு என்னைவிட உயரம். உள்ளே பானை மூடி போல ஒரு தட்டு, ஒரு பக்கத்தில் பிணைச்சல். பலமான சுருள்வில் ஒன்று எந்த நேரமும் அதை மூடப் பார்த்துக்கொண்டே இருக்கும். மேலே மேடையிலிருந்து மெல்லிய குழாய் வழியாக எண்ணெய் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால்தான் அது திறந்திருக்கும். மேடை தீப்பிடித்தாலும், கப்பல் வந்து மோதினாலும், அந்தக் குழாய் அறுந்தாலும் அழுத்தம் போய்விடும். மூடி படாரென்று விழும். கீழே இருப்பது கீழேயே நின்றுவிடும். யாரும் பிடிக்காவிட்டால் தன்பாட்டில் கண்ணை மூடிக்கொள்வது, அதற்குப் பெயர் பாதுகாப்பு. பள்ளிக்கூடத்தில் நானும் இதைத்தான் செய்தேன். அதற்கு வேறு பெயர் வைத்தார்கள்.

பத்தாம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதியவன் நான். கணக்குப் பாடம் இரண்டு தரமும் என்னை முன்பின் தெரியாது என்று சொல்லிவிட்டது. அப்படிப்பட்டவனை வால்வுச் சோதனைப் பகுதியில் வைத்திருக்க வேண்டுமென்றால், இந்த வால்வு எதற்கு இருக்கிறது என்பதாவது இவனுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தானே செய்வார்கள்? அதற்குத்தான் அந்தத் திரைப் பரீட்சை. அலாரம் அடிக்கும். கிணற்றுக்குள் அழுத்தம் ஏறும். முன்னால் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் கிணறு மூடும். பக்கத்தில் ஒரு கைபிடி. திருகினால் வழி அகலும்.

அலாரம் அடித்தது. முள் ஏறியது. நான் கைபிடியைப் பிடித்து முழுசாகத் திருகிவிட்டேன்.

மிச்சம்தான் சுவாலையும் சின்ன மனிதனும்.

“ஏன் திறந்தாய்?” என்று சில்யே கேட்டாள். கோபமில்லை, உண்மையிலேயே அறிய ஆசைப்பட்டாள். அவள் பயிற்றுவித்தவர்களில் பயந்துபோய் ஒன்றும் செய்யாமல் நின்றவர்கள் உண்டாம். ஓடிப்போய் அவ்வளவு சந்தோசமாகத் திறந்துவிட்டவன் நான்தானாம்.

இன்னும் ஒரு தரம் எழுதலாம் என்றாள். அதிலும் தவறினால் ஒப்பந்தம் நீளாது. நான் பழையபடி மீன் தொழிற்சாலைக்குப் போய் சல்மன் மீனுக்கு முள் பிடுங்க வேண்டும். அந்த முள் பிடுங்கும் குறடு இன்னும் கனவில் வருகிறது.

2

நான் ஏன் திறந்தேன் என்று சில்யேக்கு விளக்க எனக்கு நோர்வேஜிய மொழி போதாது. உங்களுக்கு விளக்கலாம். நான் வவுணதீவான்; மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல் பக்கத்து ஆள்.

எங்கள் பக்கத்தில் நெல் வயல்வெளி ஒவ்வொன்றையும் வட்டை என்றுதான் சொல்வோம். பெயர் எதுவாக இருந்தாலும் மாரியில் எல்லா வட்டைக்கும் ஒரே பயம். உன்னிச்சைக் குளத்தின் கதவைத் திறந்தால் தண்ணீர் எங்களிடம் வரும். எங்களிடமிருந்து வாவிக்குப் போகும். வாவியிலிருந்து கடலுக்குப் போக வேண்டும். ஆனால் வாவி கடலைத் தொடுகிற முகத்துவாரத்தில் மணல் வந்து மேடாக அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். வாவி நிரம்பும். தண்ணீர் திரும்பி எங்கள் வரம்பு ஏறும். அப்போது வவுணதீவில் பிறந்த குஞ்சும் குருமனும் ஒரே சொல்லைத்தான் சொல்லும்: வெட்டு. அந்த மணலை வெட்டு. தண்ணீரைக் கடலுக்கு விடு.

ஆபத்து என்றால் திற. இது எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கை தானாகப் போகும்.

பிரச்சினை என்னவென்றால், நான் கல்யாணம் கட்டியது முகத்துவாரத்துத் தோணிக்காரர் பக்கம்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். சிலர் பாலம் தாண்டிப் போவார்கள். நான் இரண்டு விமானமும் ஒரு ரயிலும் தாண்டிப் போனேன், அவ்வளவுதான். விசா நேர்முகத்தில் இருந்த அலுவலர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், “நீங்கள் மனைவியின் பெற்றோரோடு, அவர்களின் வீட்டிலா வசிக்கப் போகிறீர்கள்? நீங்களாக விரும்பியா?” ஊரில் எல்லாரும் அப்படித்தான் என்றேன். வீடு யாருடைய பெயரில் என்றார். மாமியின் பெயரில், பிறகு என் மனைவியின் பெயருக்கு வரும் என்றேன். உங்களுக்கு? எனக்குச் சோறு என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது, அம்மா சிரித்துவிட்டு, மிகவும் முற்போக்கான சமூகம் என்றார். நோர்வே இப்போதுதான் வந்துசேர்ந்திருக்கிற இடத்தில் மட்டக்களப்பு எப்போதோ பாய் விரித்துப் படுத்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். விசா கையில் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி கஸ்தூரி இங்கே பிறந்தவள். சிறுவர் பாடசாலை ஒன்றில் வேலை. புலம்பெயர்ந்தவர்கள் எழுதும்போது பிள்ளைகள் தமிழை விட்டுத் தூரமாகப் போகிறார்கள் என்று கவலைப்படுவார்கள். எனக்கு அந்தக் கவலை முன்கூட்டியே தீர்ந்துவிட்டது. நான் கட்டியதே அப்படிப் போன ஒரு பிள்ளையை. அன்பு வந்தால் தமிழ், கோபம் வந்தால் நோர்வேஜியம். எனக்கும் வசதி. ஏச்சில் பாதி விளங்காது.

மாமா பாடசாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறார். அதற்கு முன்னால், அமிர்தகழியிலிருந்து முகத்துவாரம் வரை வாவியில் தோணி விட்டு வலை போட்ட குடும்பம். இங்கே வந்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் வாய் இன்னும் தோணியை விட்டு இறங்கவில்லை.

3

மேடையைக் கொளுத்திய அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

“என்ன மருமகன், முகம் கறுத்துப்போய்க் கிடக்கு?” என்றார் மாமா.

“எண்ணெய் மேடையக் கொளுத்திப்போட்டன் மாமா.”

“ஐயோ மனே!” மாமி அகப்பையோடு ஓடிவந்தா. “கையில காலில பட்டிட்டா?”

“கொம்பியூட்டரிலதான் மாமி.”

“ஆ, அப்ப துடைச்சாப் போயிரும்” என்று மாமி திரும்பப் போய்விட்டா.

மாமா விடவில்லை. எப்படி எரிந்தது, என்ன செய்தாய் என்று துருவினார். “அமுக்கம் ஏறிச்சி மாமா. திறந்து விட்டன்” என்றேன்.

மாமா சோற்றுக் கையை அப்படியே கோப்பையில் வைத்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, புரையேறி, மாமி வந்து தலையில் தட்டி, அதற்குப் பிறகும் சிரித்தார்.

“கஸ்தூரி! இஞ்ச வா புள்ள! உன்ட புருசன் நோர்வேயிலயும் முகத்துவாரத்த வெட்டிட்டான்!”

“வெட்டாம?” என்றேன். “அந்த அலாரம் அடிச்ச அடிக்கு வயலுக்குத் தண்ணி பாக்கிற எங்கட வட்டவிதானை எண்டா மண்வெட்டியோட ஓடி வந்திருப்பார்.”

“ஓங்கா. உங்களுக்கு முழங்காலில தண்ணி பட்டா வெட்டு. வாவி முழுக்கக் கடலில போகட்டும். இறாலும் மீனும் வளந்து வாற நேரத்தில வெட்டி விட்டிட்டு நீங்க போய் வரம்பில குந்திருவீங்க. தோணிக்காரன் என்னத்தத் திங்கிற?”

“வெள்ளாம அழுகினா நீங்க மட்டும் என்னத்தத் திங்கிற மாமா? வெறும் இறாலையா? சோறு வேணாமா?” நான் அவருடைய கோப்பையைக் காட்டினேன்.

மாமா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இது தாய்லாந்துச் சோறு. உங்கட வட்டைச் சோறில்ல.”

இந்தச் சண்டைக்கு என் கல்யாணத்தைவிட வயது கூட. கல்யாணம் பேச மாமா ஊருக்கு வந்தபோதே அவரும் என் அப்பாவும் தேத்தண்ணி ஆறுமுன் இதைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பேரும் மரியாதையாக, ‘அண்ணன்’ ‘தம்பி’ என்று சொல்லிச் சொல்லியே சண்டை பிடித்தார்கள். ஊரில் எங்கள் பக்கத்தார் வெட்டச் சொல்லி நிற்பதும், அவர்கள் பக்கத்தார் பொறு என்று நிற்பதும், பிறகு பெரியவர்கள் கூட்டம் போட்டு ஒரு முடிவுக்கு வருவதும் மாரிதோறும் நடப்பதுதான்.

கஸ்தூரி கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். “நீங்க ரெண்டு பேரும் முகத்துவாரத்த மறுகா வெட்டுங்க. இவர் இன்னொருக்கா ஃபெயில் பண்ணினா என்ன செய்ற?”

எனக்குச் சல்மன் முள் பிடுங்கும் குறடு கண்முன் வந்தது.

“அவன் ஃபெயில் பண்ண மாட்டான்” என்றார் மாமா. “அலாரம் அடிக்கக்குள்ள இவன் தன்னை வட்டைக்காரன் எண்டு நினைக்காம, தோணிக்காரன் எண்டு நினைச்சாச் சரி. முதல்ல மூடு. மறுகா யோசி. இதுதானே பரீட்சை?”

வெட்கக்கேடு என்னவென்றால், இதுதான் பரீட்சை.

“ஆனா ஒண்டு” என்று மாமா விரலை நக்கினார். “நீ பாஸ் பண்ணினா, கொப்பாக்குப் போனில கோல் எடுத்து, என்ட காது கேட்க, ‘அப்பா, மூடி வைக்கிறதுதான் சரி’ எண்டு சொல்லணும்.”

“ஓம், சொல்றன்” என்றேன். கல்யாண வீட்டில் ஐயர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னவனுக்கு இது ஒரு வசனமா?

4

அடுத்த நாளிலிருந்து கஸ்தூரி எனக்கு அலாரமானாள்.

திடீரென்று சட்டி மூடியில் அகப்பையால் அடிப்பாள். நான் எங்கே நின்றாலும் உடனே “ஸ்டெங்!” என்று கத்த வேண்டும். நோர்வேஜிய மொழியில் ‘மூடு’. குளிக்கும்போது அடித்தாள். கத்தினேன். நித்திரை தூங்கி வழியும்போது அடித்தாள். கத்தினேன். கீழ்வீட்டுக் கிழவர் ஒருநாள் படியில் வைத்து, “உங்கள் வீட்டில் கதவு ஏதும் பழுதா?” என்று மிகவும் பண்பாகக் கேட்டார்.

ஒருநாள் காலை பஸ்ஸில் இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். தரிப்பிடத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஒருவர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தார். கஸ்தூரி பைக்குள் கைவிட்டுத் தொலைபேசியில் அலாரத்தை அடித்தாள். “ஸ்டெங்!” என்று நான் கத்த, சாரதி பதறிப்போய்க் கதவை மூட, ஆள் உள்ளேயும் கட்டைகள் வெளியேயுமாக மாட்டிக்கொண்டன. பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. கஸ்தூரி யன்னல் பக்கம் திரும்பி, என்னைத் தெரியாதவள் போல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் அவளுடைய தோள் மட்டும் குலுங்கியது. இவள் தமிழை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் மட்டக்களப்புக் குசும்பை விட்டுப் போகவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அப்பாவின் கோல் வந்தது.

“இஞ்ச விடாத மழை மனே” என்றார். அப்பா தொலைபேசியில் அதிகம் பேசாதவர். மழை பெய்கிறது என்று சொல்ல மட்டும் கோல் எடுக்க மாட்டார்.

“உன்னிச்சை திறந்திட்டாங்களா?”

“திறந்திட்டாங்க. வரம்பு மூடிட்டு.”

“பயிர் எந்தப் பருவம்?”

“குடலை.”

வயல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கதிர் வெளியே வருமுன் நெல்லின் தண்டு உருண்டு பருத்து நிற்கும். அதுதான் குடலை. நாற்றாக இருந்தால் தண்ணீருக்குள் ஓரளவு மூச்சுப் பிடித்து நிற்கும். முற்றினால் அறுத்துக் கொண்டு ஓடலாம். குடலையில் தண்ணீர் மூடி நின்றால் ஒன்றும் செய்ய ஏலாது. உள்ளேயே பதராகிவிடும்.

“வெட்டலயா?”

“கூட்டம் போடப்போறாங்களாம். அங்கால தோணிக்காரர் பொறு எண்டு நிக்கிறாங்க. உன்ட மாமாட தங்கச்சி மகன் சுதன்தான் முன்னுக்கு நிக்கிறான்.” அவர் கொஞ்சம் நிறுத்தினார். “மாமாட்ட ஒண்டும் கேட்டிராத மனே. பொம்புள வீட்டில இருக்கிறாய்.”

நான் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சட்டி மூடி அடிக்கும்போதெல்லாம் என் “ஸ்டெங்” கொஞ்சம் மெலிந்துதான் வந்தது. பாஸ் பண்ணினால், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மனிதனுக்குக் கோல் எடுத்து, மூடி வைக்கிறதுதான் சரி என்று நான் சொல்ல வேண்டும். பாஸ் பண்ணாவிட்டால் சல்மன். வாழ்க்கையில் ஒரு பரீட்சையிலாவது சித்தியடைய வேண்டுமென்று நான் மனதாரப் படித்தது இதற்குத்தான். அதே பரீட்சையில் தோற்றால் நல்லது என்று இடைக்கிடை நினைத்ததும் இதற்குத்தான்.

5

அப்பாவின் கோல் வந்து இரண்டாம் நாள் காலையில் பரீட்சை. சில்யே கோப்பி கொண்டுவந்து தந்தாள்.

“இன்று மேடை தப்புமா?”

“இன்ஷூரன்ஸ் இருக்குதானே?” என்றேன்.

“யா” என்றாள். இந்த ஊரார் ‘யா’ என்பதைச் சிலவேளை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். வந்த புதிதில் இவர்கள் எல்லாரும் நான் சொன்னதைக் கேட்டு அதிர்ச்சியடைகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அன்று அவள் உண்மையிலேயே அதிர்ந்தாளா என்பது தெரியாது.

திரை ஒளிர்ந்தது. கிணறு அமைதியாக இருந்தது. பிறகு அலாரம்.

முள் ஏறியது. என் வலது கை கைபிடிப் பக்கம் போனது. நான் அனுப்பவில்லை, தானாகப் போனது. திரையில் எண்கள் ஏறுவதை நான் எண்களாகப் பார்க்கவில்லை. வரம்பைப் பார்த்தேன். வரம்புக்கு மேல் தண்ணீரைப் பார்த்தேன். வெட்டு வெட்டு என்று உடம்பு முழுக்கக் கேட்டது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. கஸ்தூரியின் சட்டி மூடி எங்கோ அடித்தது. இடது கையால் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். வலது கை வர மாட்டேன் என்று கைபிடியிலேயே நின்றது.

முள் இறங்கியது. மேடை நின்றது. சின்ன மனிதன் கடலில் குதிக்காமல் ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

“ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாய்?” என்றாள் சில்யே.

“எங்கள் ஊரில் இது குடும்பப் பிரச்சினை.”

அவள் எதையோ குறித்துக்கொண்டாள். “சரி. ஆபத்து நீங்கிவிட்டது. இப்போது கிணற்றைத் திரும்பத் திற.”

என் முகம் மலர்ந்ததை அவள் கண்டிருப்பாள். திறக்கச் சொல்கிறாள்! வவுணதீவானிடம்! இந்த இடத்தில் ஊர் அனுபவம் எனக்குக் கைகொடுத்தது, வாய்க்கால் மடை ஞாபகம் வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். கைகொடுக்கவில்லை. ஊர் அனுபவப்படி திறந்திருந்தால் வால்வே உடைந்திருக்கும். மூடிக்குக் கீழே முழு அழுத்தமும் முட்டிக்கொண்டு நிற்கிறது, மேலே ஒன்றுமில்லை. முதலில் மேலேயிருந்தும் அழுத்தம் கொடுத்து இரண்டு பக்கமும் சமன் செய்ய வேண்டும். பிறகுதான் மூடி நோகாமல் திறக்கும். இதைக் கஸ்தூரி என்னை இருத்தி வைத்து, தமிழும் நோர்வேஜியமும் கலந்து, புட்டுக் குழலையும் கோப்பையையும் வைத்துப் படிப்பித்திருந்தாள். நான் மேலே அழுத்தம் ஏற்றினேன். பொறுத்தேன். இரண்டு எண்ணும் ஒன்றானது. திறந்தேன்.

“யா” என்றாள் சில்யே, மூச்சை உள்ளே இழுத்து. கை தந்தாள். பிறகு என் வலது கையைக் கைபிடியிலிருந்து எடுக்கச் சொன்னாள்.

6

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். கஸ்தூரிக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். அவள் மாமிக்குச் சொல்லியிருந்தாள். மாமி மாமாவுக்குச் சொல்லியிருந்தா. மாமா வேலை முடிந்து, முகம் கழுவி, சேட்டு மாற்றி, சபையில் இருக்கப்போகிறவர் போலக் கதிரையில் இருந்தார். மேசையில் தொலைபேசி.

“வாங்க எஞ்சினியர்” என்றார். “எடுங்க கோல்.”

“சாப்பிட்டிட்டு எடுக்கட்டா மாமா?”

“சாப்பாடு எங்கயும் ஓடாது. ஸ்பீக்கரில போடு.”

எடுத்தேன். அப்பாவின் குரலுக்கு முன்னால் மழையின் குரல் வந்தது. பின்னால் பலபேர் சத்தமாகப் பேசினார்கள்.

“அப்பா, நான் பாஸ்.”

“நல்லம் மனே, நல்லம்! என்ன செய்தாய்?”

“மூடினன் அப்பா.”

“எதை?”

“கிணத்த.”

“நல்ல கிணத்த ஏன் மனே மூடினாய்?”

மாமி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனா. மாமா என் முழங்காலில் விரலால் குத்தினார். வசனம். வசனத்தைச் சொல்லு.

“அப்பா...” என்றேன். “வயல் எப்படி?”

“அப்படியே நிக்கிது. கூட்டம் நாளைக்கெண்டு சொன்னாங்க, இப்ப அதுக்கு மற்ற நாளாம். அதுக்குள்ள...” அப்பா முடிக்கவில்லை. “அத விடு. நீ பாஸ் பண்ணிட்டாய், அது காணும்.”

மாமா திரும்பக் குத்தினார். நான் வாயைத் திறந்தேன். எந்த நேரமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிற வாய் இது. கல்யாணத்தில் ஐயரையே சிரிக்கவைத்த வாய். ஒரு சத்தமும் வரவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். குத்திய விரலை எடுத்தார். மேசையில் கிடந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

“அண்ணன், நான்தான் பேசுறன்.”

“ஆ தம்பி, சுகமா?” அப்பாவின் குரல் உடனே நிமிர்ந்தது. சண்டைக்குத் தயாரான நிமிர்வு.

“பயிர் எதுல நிக்கிது?”

“குடலை தம்பி.”

“கதிர் தள்ளல்லையா?”

“இல்ல. எல்லாம் இன்னும் வயித்துக்குள்ளதான்.”

மாமா மேசைப் பக்கம் குனிந்தார். ஒரு கை தொலைபேசியில், ஒரு கை நெற்றியில். மழை மட்டும் மேசையில் பெய்துகொண்டிருந்தது.

“அண்ணன், வையுங்க. நான் மறுகா எடுக்கிறன்” என்றார்.

வைத்துவிட்டு உடனே இன்னொரு கோல். ஸ்பீக்கரை நிறுத்தவும் மறந்துபோனார்.

“டேய் சுதன்.”

“சொல்லுங்க மாமா. நாங்க விட மாட்டம். நீங்க பயப்பிட வேணாம். இறால் நல்லா வந்திருக்கு, இப்ப வெட்ட விட்டா...”

“வெட்ட விடு.”

“என்ன?”

“மற்ற நாளில்ல, நாளைக்கே கூட்டத்தப் போடச் சொல்லு. நீயே போய்ச் சொல்லு. கூட்டத்தில நீதான் முதல்ல கை உயத்தணும்.”

“மாமா, போன மாரியில நீங்கதானே கோல் எடுத்து, மணலில படுத்தாவது மறிக்கச் சொன்ன? உங்கட சொல்லுக்கு நான் படுத்தன். நண்டு கடிச்சுது!”

“அது போன மாரி. அப்ப நாத்து. இப்ப குடலைடா. வயித்துக்குள்ள இருக்கு. வயித்தோட இருக்கிறதத் தண்ணிக்குள்ள வச்சுக்கொண்டு நமக்கென்ன இறால் வேண்டிக் கிடக்கு?”

அந்தப் பக்கம் சுதன் என்னவெல்லாமோ முணுமுணுத்தான். வலைக்காரர் சம்மதிக்க மாட்டார்கள், நாளைக்கு நம்மட அடுப்பு எப்படி எரியும், மருமகனுக்காகப் பேசுகிறீர்களா என்றான். கடைசியாகக் கேட்டதற்கு மாமா தோணிப் பாசையில் ஒரு பதில் கொடுத்தார். அதை இங்கே எழுதினால் ஆசிரியர் நீக்கிவிடுவார்.

பிறகு அவர் சாப்பிட எழுந்தார். நான் சொல்ல வேண்டியிருந்த வசனத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. நான் படிக்காதவன்தான்; மடையன் இல்லை.

7

இரண்டு நாள் கழித்துச் சுதன் வீடியோ அனுப்பினான்.

மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருந்தார். வெளியே பனி. தொலைபேசிக்குள் மழை. முகத்துவாரத்து மணலில் ஒரு பெக்கோ இயந்திரம் கடைசி மண்ணை அள்ளியது. முதலில் ஒரு நூல் போலத் தண்ணீர். பிறகு கரை இடிந்து, பிறகு பழுப்பு நிறத்தில் வாவி முழுவதும் கடலுக்குள் பாய்ந்தது. சுற்றி நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். அதில் யார் வயல்காரன், யார் தோணிக்காரன் என்று எனக்குத் தெரியவில்லை. சுதன் மட்டும் கூச்சல் போடவில்லை. காணொளியின் கடைசியில் கமராவைத் தன் பக்கம் திருப்பி, “பாத்தீங்களா மாமா?” என்றான். முகம் செத்துக் கிடந்தது.

மாமா திரும்ப முதலிலிருந்து போட்டார்.

“போகுது” என்றார். “போகுது பார். எல்லாம் போகுது. பால் இறால், வெள்ளை இறால், எல்லாம்.”

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் நல்ல நல்ல பகிடிகள் இருந்தன. வருசக்கணக்காக இந்த ஒரு நாளுக்காகச் சேர்த்துவைத்தவை. தாய்லாந்துச் சோற்றைப் பற்றியும் ஒன்று இருந்தது. கஸ்தூரி மேசைக்கு அப்பாலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை தேவைப்படவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

மூன்றாவது தரம் போட்டார். தண்ணீர் பாயத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“வாயப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய்” என்றார் என்னிடம். “கொப்பாக்குக் கோல் எடு. தண்ணி இறங்குதா எண்டு கேள்.”

எடுத்தேன். நீண்ட நேரம் அடித்தது. அப்பா மூச்சு வாங்க எடுத்தார், வயலுக்குள்தான் நின்றார்.

“அப்பா, மாமா கேட்கிறார். தண்ணி இறங்குதா?”

“வரம்பு தெரியுது மனே” என்றார் அப்பா. “தெரியத் தொடங்கிட்டு.”

நான் திரும்பி மாமாவிடம் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை.

“எந்தப் பக்கத்து வரம்பு?” என்றார் அந்தத் தோணிக்காரர். “கேள், கேள். மேட்டு வரம்பா, பள்ளத்து வரம்பா?”